பாஸ்வேர்டு சரி, ஆனாலும் ‘ஆக்சஸ் இஸ் டினைட்’

கடைக்காரர்:
எங்க ஹார்டுவேர் கடையில ரெண்டு விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். பில் மெஷின் கீழே, நான் மாடியில. அதோட சி டிரைவை மேலிருந்து திறக்க, ஐபி முகவரிக்குப் பின்னாடி சி டாலர் (C$, முழு சி டிரைவுக்கான மறைவான ஷேர்) போடுறேன். பேரும் பாஸ்வேர்டும் சரியாத்தான் கொடுக்கிறேன், ‘ஆக்சஸ் இஸ் டினைட்’. அந்தக் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவிலதான் இருக்கு. ஃபயர்வாலையும் நிறுத்திப் பார்த்தாச்சு. நேத்து மட்டும் பதினோரு தடவை படி ஏறினேன், முட்டி கெஞ்சுது.

பதில் 1:
கேப்ஸ் லாக் பார்த்தீங்களா?

கடைக்காரர்:
பார்த்தேங்க. தப்பாப் போட்டா வேற பிழை வருது.

பதில் 2:
அப்ப யுஏசிதான், அதாவது அட்மின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடுற விண்டோஸ் பாதுகாப்பு. முதல்ல ஃபயர்வாலை ஆன் பண்ணுங்க, அது பாவம். டொமைன் (எல்லாக் கணக்கையும் ஒரே சர்வர் நிர்வகிக்கிற அமைப்பு) இல்லாத நெட்வொர்க்கில லோக்கல் அட்மின் கணக்கு வெளியிலிருந்து நுழைஞ்சா, விண்டோஸ் அதோட அதிகாரத்தை உருவிட்டு சாதா ஆளாத்தான் உள்ள விடும். பழைய விண்டோஸ் விஸ்டா காலத்துப் பழக்கம். சி டாலருக்கோ அட்மின் வேணும். விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கிற ரெஜிஸ்ட்ரியில ‘லோக்கல்அக்கவுண்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி’க்கு 1 கொடுத்தா திறக்கும். நான் கொடுக்க மாட்டேன்: ஒரு மெஷின்ல பாஸ்வேர்டு திருடு போனா, அதே பாஸ்வேர்டு உள்ள எல்லாத்துலயும் அட்மினா நுழையலாம். பில் ஃபோல்டரை மட்டும் ஷேர் பண்ணுங்க. ஃபோல்டரோட பிராப்பர்ட்டீஸ்ல ஷேரிங், செக்யூரிட்டி ரெண்டு டேப்லயும் உங்க பேருக்கு அனுமதி வேணும். எது கெடுபிடியோ அதுதான் செல்லும்.

கடைக்காரர்:
ஃபோல்டர் தம்பி கணக்கோட டெஸ்க்டாப்ல இருந்துச்சு. ஷேரிங்ல மட்டும் கொடுத்தேன், மறுபடி டினைட். செக்யூரிட்டியிலயும் சேர்த்தேன், திறந்துடுச்சு. இனி டீக்கு மட்டும்தான் கீழே இறங்குவேன்.