[தீர்ந்தது] ஆரஞ்சு பை பிசி2: நானே பில்ட் செய்த யூ-பூட் ஏறவில்லை, போர்டு போய்விட்டதா?

செம்மண்:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இனிமேல் கேட்டுவிடுவதுதான் சரி.

போர்டு ஆரஞ்சு பை பிசி2. ஆல்வின்னர் எச்5 சிப், 1 ஜிபி ராம். இதுவரை 3.10 கெர்னல் உள்ள ஒரு பழைய இமேஜில் ஓடிக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அவ்வளவுதான் அதற்கு வேலை. புதுக் கெர்னலுக்கு மாறலாம், அப்படியே பவர் கொடுத்ததும் கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரையும் (யூ-பூட்) நாமே பில்ட் செய்து கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

லேப்டாப்பில் உபுண்டு. 64 பிட் ஆர்முக்கான கிராஸ் கம்பைலர் போட்டு, யூ-பூட் சோர்ஸை இறக்கி, பிசி2-வுக்கான டெஃப்கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) கொடுத்து மேக் ஓட்டினேன். முதல் தடவை ஸ்விக் இல்லை என்றது, போட்டேன். அடுத்த தடவை கடைசியில் ஏதோ எரர் வந்து நின்றது. தேடிப் பார்த்ததில், மேக் கட்டளையோடு ‘பின்மேன் அலோ மிஸ்ஸிங்’ என்பதை 1 என்று கொடுத்தால் எரர் போய்விடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கொடுத்தேன், போய்விட்டது. எஸ்பிஎல்லும் (யூ-பூட்டுக்கு முன்னால் ஓடும் குட்டி பூட்லோடர்) யூ-பூட்டும் சேர்ந்த ஒரே கோப்பு கிடைத்தது.

அதை டிடி கட்டளையால் எஸ்டி கார்டில் எழுதினேன். பிளாக் அளவு 1024, சீக் 8, அதாவது 8 கேபி தள்ளி. போர்டில் செருகிப் பவர் கொடுத்தால் டிவி திரை கறுப்பு. போர்டில் ஒரு எல்இடி கூட எரியவில்லை. பழைய இமேஜையும் அழித்துவிட்டு இதே கார்டில்தான் எழுதினேன், ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. போர்டு போய்விட்டதா?

மின்மினி:

போர்டு போகலை, பயப்படாதீங்க. இந்த சிப்பில் பூட்லோடரை எப்படித் தப்பா எழுதினாலும் போர்டு சாகாது. முதலில் ஓடுற கோடு சிப்புக்குள்ளேயே ரோமில் பதிஞ்சிருக்கு, அதை நம்மால் அழிக்க முடியாது. எல்இடி எரியாததையும் அடையாளமா எடுத்துக்காதீங்க. பிசி2-வில் அது ஜிபிஐஓவில் இருக்கு, மென்பொருள் வந்து ஏத்தினால்தான் எரியும். டிவியும் உதவாது. எஸ்பிஎல் எச்டிஎம்ஐ பக்கமே போகாது, அது பேசுறது சீரியலில் மட்டும்தான்.

யூஎஸ்பி-டிடிஎல் சீரியல் கேபிள் இருக்கா? போர்டில் தனியா மூணு பின் இருக்கும், கிரவுண்ட், ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்று பக்கத்திலேயே அச்சடிச்சிருக்கும். கேபிளின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. வேகம் 115200. சில அடாப்டர்களில் 3.3, 5 வோல்ட் மாத்துற ஒரு குட்டி ஜம்பர் இருக்கும். அதை 3.3-இல் வெச்சிட்டு, மல்டிமீட்டரால் டிஎக்ஸ் பின்னைத் தொட்டுப் பாத்துட்டு அப்புறம் மாட்டுங்க. 5 வோல்ட் போனால் அப்போ நிஜமாவே சிப் போயிடும். அடாப்டரின் பவர் வயரை போர்டில் மாட்டவே வேண்டாம்.

செம்மண்:

கேபிள் இருந்தது அக்கா, பழைய ஆர்டுயினோ வேலைக்கு வாங்கியது. ஜம்பர் 5-இல்தான் இருந்தது! மாற்றிவிட்டு அளந்தேன், 3.28 காட்டியது. மாட்டிப் பவர் கொடுத்தேன். டெர்மினலில் ஒரு எழுத்து கூட வரவில்லை. வயரை மாற்றி மாற்றிப் போட்டும் பார்த்தேன்.

மின்மினி:

ஒரு எழுத்தும் வரலைன்னா எஸ்பிஎல் ஓடவே இல்லைன்னு அர்த்தம். ரோம் கார்டில் தேடியிருக்கு, தனக்கு வேண்டிய அடையாளம் கிடைக்கலை, ஃபெல் மோடுக்கு, அதாவது யூஎஸ்பி வழியா கட்டளைக்குக் காத்திருக்கிற நிலைக்கு, போயிருக்கு. இதை உறுதி பண்ணிக்கலாம். கார்டு உள்ளேயே இருக்கட்டும். மைக்ரோ யூஎஸ்பி ஓடிஜி போர்ட்டை லேப்டாப்போடு இணைங்க, பவர் வழக்கம்போல் உருண்டை ஜாக்கில். லேப்டாப்பில் சன்க்ஸி-டூல்ஸ் பேக்கேஜ் போட்டு, சன்க்ஸி-ஃபெல் கட்டளைக்கு ‘வெர்’ என்று கொடுங்க. எச்5, 1718 என்று பதில் வந்தால் சிப் நல்லா இருக்கு, கார்டில்தான் ஏதோ கோளாறு.

பனையோலை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டிடி ஓட்டும்போது எழுதும் இடமாக என்ன கொடுத்தீர்கள், முழுக் கார்டையா, கடைசியில் 1 என்று முடிகிற பார்ட்டிஷனையா? நான் இதே தப்பைச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

சோதிக்க எளிய வழி: கார்டைத் திரும்ப லேப்டாப்பில் போட்டு, முழுக் கார்டின் தொடக்கத்திலிருந்து 8192 பைட் தள்ளி ஒரு செக்டாரைப் படித்து ஹெக்ஸ்டம்ப் செய்யுங்கள். முதல் நான்கு பைட் ஒரு ஜம்ப் கட்டளை. அதற்கடுத்து, அதாவது 8196-ஆம் பைட்டிலிருந்து, ‘ஈகான் பிடி0’ என்று எட்டு எழுத்து படிக்கிற மாதிரியே தெரிய வேண்டும். ரோம் தேடுவது அந்த எட்டு எழுத்தைத்தான்.

செம்மண்:

இரண்டும் பார்த்தேன். ஃபெல்லில் எச்5, 1718 என்று பதில் வந்தது. உயிரோடு இருக்கிறது! அதைப் பார்த்த பிறகுதான் மதியச் சாப்பாட்டுக்கே போனேன்.

பனையோலை அண்ணன் சொன்னதுதான். 8192-இல் வெறும் பூஜ்யங்கள். பார்ட்டிஷனில்தான் எழுதியிருக்கிறேன். அது 1 எம்பியில் தொடங்குகிறது, அதனால் என் எஸ்பிஎல் 1 எம்பி தாண்டி 8 கேபியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இப்போது முழுக் கார்டில் எழுதிவிட்டேன், ஈகான் தெரிகிறது.

சீரியலில் வந்தது இதுதான் (தேதியை விட்டுவிட்டேன்):

யூ-பூட் எஸ்பிஎல் 2024.01
டிராம்: 1024 எம்ஐபி
டிரையிங் டு பூட் ஃப்ரம் எம்எம்சி1

இதோடு நிற்கிறது. ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தேன், பவரைப் பிடுங்கிப் போட்டால் திரும்ப இதே மூன்று வரி. கார்டு பழுதா? வேறு கார்டு வாங்கவா?

மின்மினி:

கார்டு வாங்காதீங்க. இந்த மூணு வரி எவ்வளவு நல்ல சேதி தெரியுமா! ஒண்ணொண்ணா பாருங்க.

முதல் வரி வந்ததே, ரோம் உங்க எஸ்பிஎல்லைக் கண்டுபிடிச்சு சிப்புக்குள் இருக்கிற எஸ்ராமில் ஏத்திடுச்சு. அந்த நேரத்தில் வெளியே இருக்கிற ராம் வேலையே செய்யாது. அதனால்தான் 32 கேபிக்குள் அடங்குற குட்டி எஸ்பிஎல் முதலில் தேவைப்படுது. ரெண்டாவது வரியில் அந்த எஸ்பிஎல் ராமை எழுப்பி, அளவையும் சரியா 1024 என்று எண்ணிடுச்சு. பூட்லோடர் வேலையில் இதுதான் கஷ்டமான கட்டம், அதைத் தாண்டிட்டீங்க. மூணாவதில் கார்டிலிருந்து அடுத்த துண்டைப் படிக்கப் போகுது. கார்டு படிக்கலைன்னா எரர் வரி ஒண்ணு சொல்லியிருக்கும். சத்தமே இல்லாமல் நின்னிருக்குன்னா, படிச்சு முடிச்சு அடுத்தவர் கையில் கொடுத்துட்டு, அங்கே யாரும் இல்லாமல் போயிருக்கு.

இப்போ முதல் பதிவுக்கு வர்றேன். ‘ஏதோ எரர்’ என்று எழுதினீங்களே, அந்த எரர் என்ன? அலோ மிஸ்ஸிங்கை எடுத்துட்டு மறுபடி மேக் ஓட்டி, கடைசி நாலு வரியை அப்படியே போடுங்க.

செம்மண்:

போட்டேன் அக்கா. யூ-பூட் இமேஜில் வெளியிலிருந்து வர வேண்டிய பிளாப் (தனியாகச் சேர்க்க வேண்டிய கோப்பு) இல்லை, இமேஜ் வேலை செய்யாது என்று சொல்லி, ‘ஏடிஎஃப்-பிஎல்31’ என்று பெயரையும் போட்டிருக்கிறது. அன்றைக்கு இதை நான் படிக்கவே இல்லை.

மின்மினி:

அதேதான். அலோ மிஸ்ஸிங் கொடுத்தால் குறை தீராது, குறையோடவே கோப்பு வரும். கோப்பு பிழை இல்லாமல் பில்ட் ஆகுதான்னு தானியங்கியா சோதிக்கிறவங்களுக்கு வெச்ச வசதி அது. போர்டில் ஏத்துறவங்க தொடவே கூடாது. அதை வலையில் தீர்வுன்னு எழுதி வைக்கிறவங்க மேல எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

எச்5 64 பிட் சிப். இதில் எஸ்பிஎல் நேரா யூ-பூட்டுக்குப் போகாது. நடுவில் பிஎல்31 என்று ஒருத்தர் இருக்கார், ட்ரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ திட்டத்திலிருந்து வர்றவர். சிப்பின் உச்ச அதிகார மட்டத்தில், ஈஎல்3-இல், கடைசிவரை உட்கார்ந்திருப்பார். பிறகு கெர்னல் ஓடும்போது மத்த கோர்களை எழுப்புறது, ரீபூட், பவர் ஆஃப் எல்லாம் இவர்கிட்ட கேட்டுத்தான் நடக்கும். பழைய 32 பிட் எச்3 போர்டுக்கான குறிப்புகளில் இவர் பேரே வராது. அதைப் பார்த்து செய்யுறவங்க எல்லாரும் உங்க மூணாவது வரியில்தான் வந்து நிப்பாங்க.

ட்ரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ சோர்ஸை இறக்கி, அதே கிராஸ் கம்பைலரில், பிளாட் என்பதற்கு சன்50ஐ_ஏ64 கொடுத்து, டார்கெட் பிஎல்31 என்று மேக் ஓட்டுங்க. பேரில் ஏ64 இருக்கேன்னு குழம்ப வேண்டாம், எச்5-க்கும் அதேதான். பில்ட் ஃபோல்டரில் பிளாட் பேருக்குள் ரிலீஸ் ஃபோல்டரில் பிஎல்31 பின் கோப்பு கிடைக்கும். அதன் முழு முகவரியை பிஎல்31 என்ற என்விரான்மென்ட் மாறியில் எக்ஸ்போர்ட் பண்ணிட்டு யூ-பூட் மேக்கை ஓட்டுங்க. எஸ்சிபி (பவர் நிர்வாகத்துக்கான தனி ஃபர்ம்வேர்) பத்தியும் கேட்டால் அதை டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்புக்குக் காட்டிடுங்க, அது இல்லாமலும் பூட் ஆகும். ஆனால் பிஎல்31-க்கு அந்தச் சலுகை கிடையாது!

செம்மண்:

பிஎல்31 பில்ட் ஆனது, ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. எக்ஸ்போர்ட்டும் செய்தேன். ஆனால் யூ-பூட் மேக் திரும்பவும் ஏடிஎஃப்-பிஎல்31 இல்லை என்கிறது. கோப்பு அங்கேதான் இருக்கிறது, கண்ணெதிரே தெரிகிறது.

பனையோலை:

எக்ஸ்போர்ட் செய்த வரியில் முகவரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஹோம் ஃபோல்டருக்கு டில்டா குறி வைத்தீர்களா? மேற்கோளுக்குள் போனால் ஷெல் டில்டாவை விரிக்காது, அப்படியே எழுத்தாக விட்டுவிடும். எக்கோ செய்து பாருங்கள்.

செம்மண்:

அண்ணா, அதே! ஸ்லாஷில் தொடங்கும் முழு முகவரி கொடுத்ததும் ஒரு எச்சரிக்கை கூட இல்லாமல் பில்ட் முடிந்தது. எழுதினேன். இதோ:

டிரையிங் டு பூட் ஃப்ரம் எம்எம்சி1
நோட்டீஸ்: பிஎல்31: டிடெக்டட் ஆல்வின்னர் எச்5 எஸ்ஓசி (1718)
யூ-பூட் 2024.01 ஆல்வின்னர் டெக்னாலஜி
மாடல்: சுன்லாங் ஆரஞ்சு பை பிசி 2
டிராம்: 1 ஜிஐபி

கடைசியில் இரண்டு நொடி எண்ணி முடித்து, யூ-பூட் தன் கட்டளைக் குறியில் வந்து காத்து நின்றது. ‘வெர்ஷன்’ என்று அடித்தேன். நான் பில்ட் செய்த தேதியும் நேரமும் வந்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

செம்மண் (மறுநாள்):

மன்னிக்கவும், திரும்ப வந்துவிட்டேன். கெர்னல் போடுவதற்காகக் கார்டைப் புதிதாக ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் செய்தேன். சீரியல் பழையபடி ஊமையாகிவிட்டது. யூ-பூட்டைத் திரும்ப எழுதினால் போர்டு கிளம்புகிறது, ஆனால் பார்ட்டிஷன் செய்யும் ஜிடிஸ்க் கருவி, அட்டவணையின் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) தப்பு என்கிறது. சரிசெய்யச் சொன்னால் அட்டவணை சரியாகிறது, யூ-பூட் காணாமல் போகிறது.

பனையோலை:

இரண்டுக்கும் ஒரே இடத்தில் பட்டா இருக்கிறது, அதனால் வருகிற சண்டை. 8 கேபி என்றால் 16-ஆம் செக்டார். ஜிபிடி அட்டவணை 2-ஆம் செக்டாரிலிருந்து 33 வரை: ஒரு பதிவு 128 பைட், மொத்தம் 128 பதிவு, செக்டாருக்கு நான்கு. அதாவது முதல் 56 பதிவுகள் தப்பிக்கின்றன, 57-இலிருந்து உங்கள் எஸ்பிஎல் உட்கார்ந்துவிடுகிறது. அத்தனை பார்ட்டிஷன் யாரும் வைப்பதில்லை என்றாலும் சிஆர்சி முழு அட்டவணைக்கும் கணக்கிடப்படுவதால் கூச்சல் போடுகிறது.

எச்3 தொடங்கி வந்த ஆல்வின்னர் ரோம்கள் 8 கேபியில் இல்லையென்றால் 128 கேபியிலும் பார்க்கின்றன. ஆகவே ஜிபிடியை முதலில் சரிசெய்யுங்கள், அதிலேயே பழைய ஈகான் அழிந்துவிடும். அழியாமல் இருந்தால் ரோம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். பிறகு டிடியில் சீக் 8 என்பதை 128 ஆக்கி எழுதுங்கள். முதல் பார்ட்டிஷன் 1 எம்பியில் தொடங்கினால் உங்கள் கோப்பு 896 கேபிக்குள் இருக்க வேண்டும், எழுதும் முன் அளவைப் பாருங்கள்.

செம்மண்:

கோப்பு அதற்குள் நன்றாகவே அடங்கிவிட்டது. 128-இல் எழுதினேன். ஜிடிஸ்க்கும் அமைதி, போர்டும் கிளம்புகிறது. புதுக் கெர்னலும் ஏறிவிட்டது, தொட்டி ஸ்கிரிப்ட் ஓடுகிறது. தலைப்பில் தீர்ந்தது என்று போட்டுவிட்டேன்.

ஓடக்கரை:

இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ராக்64 இருக்கிறது, ராக்சிப் ஆர்கே3328. மேலே சொன்னபடி பிஎல்31 எல்லாம் சேர்த்துத்தான் பில்ட் செய்தேன். சீரியலில் எழுத்து வருகிறது, ஆனால் எல்லாம் குப்பையாக வருகிறது. பிஎல்31 தப்பா?

மின்மினி:

குப்பையா வந்தாலும் வருதில்லையா, அப்போ போர்டு பேசுது, நீங்க கேக்குற வேகம்தான் தப்பு. ராக்சிப்பில் 115200 இல்லை, 1500000, பதினஞ்சு லட்சம். உங்க அடாப்டர் சிப் எது? சிபி2102 என்றால் 10 லட்சத்துக்கு மேல போகாது. சிஎச்340 அல்லது எஃப்டி232 இருந்தால் பிரச்சினை இல்லை. இன்னொண்ணு, மேலே சொன்ன 8 கேபி கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ராக்சிப் ரோம் தேடுறது 64-ஆம் செக்டாரில், அதாவது 32 கேபியில்.

ஓடக்கரை:

சிபி2102தான். நண்பரிடம் சிஎச்340 இருக்கிறது, சாயங்காலம் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஓடக்கரை (இரவு):

பதினைந்து லட்சத்தில் தெளிவாக வருகிறது அக்கா. பிஎல்31 வரி வரை போய், யூ-பூட் தன் பெயரையும் சொல்லிவிட்டது.