பூங்குன்றனாரின் "அதனினும் இலமே": ஊழை ஏற்றவர் இகழ்ச்சியை மட்டும் ஏன் கூடுதலாக விலக்குகிறார்?

மாலைவெயில் (கேள்வி):

கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்றின் 192ஆம் பாட்டை முதல் அடியோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நானும் நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தேன். சென்ற மாதம் பள்ளியில் உடன் படித்தவர்கள் கூடியபோது, மேடைக்குப் பின்னால் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதன் கீழ் நின்றுகொண்டு, அரசுப் பணியில் மிக உயர்ந்த இடத்தை அடைந்த ஒருவருக்கு நாங்கள் மாலை மேல் மாலையாக அணிவித்தோம். எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவன், பதினொன்றாம் வகுப்பில் தந்தையை இழந்து படிப்பை விட்டவன், இன்று மிதிவண்டி பழுதுபார்த்துப் பிழைப்பவன், கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். அவனிடம் நான் பேசியது இரண்டு நிமிடம் இருக்கலாம்.

அன்றிரவு பாட்டை முழுவதும் படித்தேன். மின்னலோடு மழை பெய்து, கற்களில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில், நீரின் போக்கிலே செல்லும் புணையை (தெப்பத்தை) போல, உயிர் "முறைவழிப் படூஉம்" என்கிறார். அதைத் தெளிந்துவிட்டதால் "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று முடிக்கிறார்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இரண்டாம் அடி சொல்வதுபோல் நன்மையும் தீமையும் பிறர் தர வருவதில்லை என்றால் அவற்றுக்கு நாமே பொறுப்பு என்றுதானே பொருள்? அப்படியானால் புணை உவமை அதற்கு முரணாகாதா? அடுத்தது, எனக்கு முதன்மையானது: எல்லாம் முறைவழியே நடப்பதாயின் வியப்பதற்கும் காரணம் இல்லை, இகழ்வதற்கும் காரணம் இல்லை. இரண்டும் ஒரே அளவில் பொருளற்றவை. பிறகு இகழ்ச்சியை மட்டும் "அதனினும்" என்று ஒரு படி கூடுதலாகத் தள்ளிவைப்பது ஏன்?

ஏடுதேடி:

முதல் ஐயத்துக்குப் பழைய உரையிலேயே விடை இருக்கிறது. கேடும் ஆக்கமும் தாமே வந்தால் உண்டு, பிறர் தந்து வருவதில்லை என்னும் பொருள்படவே அவ்வுரைகாரர் எழுதுகிறார். "தாமே வருவன" என்பதற்கும் "தம்மால் வருவன" என்பதற்கும் இடையே உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள். இன்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இவ்வடியைச் சொல்லும்போது இரண்டாம் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். "உன் தோல்விக்கு நீயே காரணம்" என்று கடைசி வரிசையில் இருப்பவனை நோக்கிச் சொல்வதற்கு அது வசதியாகவும் இருக்கிறது. உரைகாரர் முறை என்பதற்கு ஊழ் என்றே பொருள் கொள்வதால், அவர் வழியில் படித்தால் இரண்டாம் அடிக்கும் புணைக்கும் முரணே இல்லை. ஆயினும் வினைக்கொள்கை வழியில் படிப்போர், முன்னை வினையும் தான் செய்ததே என்று சொல்லி இரண்டையும் வேறு விதமாக இணைப்பார்கள். பாட்டுக்குள் முற்பிறவி பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதால் நான் அவ்வளவு தொலைவு போக மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு என் கருத்து இது. வியப்பும் இகழ்ச்சியும் அறிவளவில் ஒரே பிழைதான்: ஆறு செய்ததைப் புணை செய்ததாக எண்ணும் பிழை. ஆனால் வியப்பவன் தன்னளவில் ஏமாறுகிறான். இகழ்பவனோ அந்தப் பிழையை இன்னொருவன் மேல் இறக்கிவைக்கிறான். ஏற்கெனவே வெள்ளத்தில் அடிபட்டவன் இரண்டாம் முறை அடிபடுகிறான். பிழையின் அளவு ஒன்றாயினும் அதன் பாரம் விழும் இடம் வேறு.

எதிர்க்கரை:

ஏடுதேடி அவர்கள் கூறியது அழகாக இருக்கிறது. ஆனால் அது ஊழைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது. எல்லாம் ஊழ் என்றால் இகழ்பவனின் இகழ்ச்சியும் ஊழ்தான். அவனைக் குறை கூறவும் நமக்கு இடமில்லை.

இக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர்கள், எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்ற பழைய சமயத்தாரான ஆசீவகர். அவர்களின் தலைவர் மற்கலி கோசாலரின் கருத்தாகப் பாலி மொழிப் பௌத்த நூல் ஓர் உவமை தருகிறது: எறியப்பட்ட நூலுண்டை முழுவதும் பிரிந்து தீரும்வரை ஓடுவதுபோல், அறிவுடையோரும் அறிவிலாரும் ஒரே மாதிரி பிறவிகளைச் சுற்றித் தீர்த்தபின்பே துன்பம் முடியும். அங்கே முயற்சிக்கு வேலையே இல்லை. (ஆசீவகரின் சொந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை, அவர்களை மறுத்தவர்கள் எழுதியதையே படிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மணிமேகலையின் 27ஆம் காதையிலும் ஆசீவகர் பேசுகிறார், ஆனால் அதுவும் பௌத்தக் காப்பியமே.) பூங்குன்றனாரை ஆசீவகராகக் கொள்ளும் ஆய்வாளர் உண்டு. நூலுண்டைக்குத் தெளிவு ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும் அது ஒரே வேகத்தில்தான் பிரியும். பூங்குன்றனாரோ "தெளிந்தனம் ஆகலின்" என்கிறார். தெளிவு ஒரு மாற்றத்தை உண்டாக்கியிருக்கிறது. ஆகவே அவரை முழு நியதிவாதியாக என்னால் கொள்ள முடியவில்லை.

இங்கே கிரேக்க ஸ்டோயிக் மெய்யியலாளர் கிரிசிப்பசின் உருளை நினைவுக்கு வருகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரும் ஊழை மறுத்தவர் அல்லர். ஓர் உருளையைத் தள்ளினால் நகரத் தொடங்குவது தள்ளியவரால். ஆனால் அது உருண்டு ஓடுவது தன் வடிவத்தால் என்றார். அதே கை ஒரு கூம்பைத் தள்ளினால் அது வட்டமடிக்கும். புணை எங்கே போகும் என்பதை ஆறு முடிவு செய்யலாம். புணைமேல் இருப்பவர் பக்கத்துப் புணையை எப்படிப் பார்க்கிறார் என்பது அவருடைய வடிவம். இப்படிப் படித்தால்தான் "இலமே" என்னும் சொல்லுக்கு உயிர் இருக்கிறது.

கொள்ளிடத்தான்:

நான் தமிழ் படித்தவன் அல்லன், ஆற்றங்கரையில் வளர்ந்தவன். வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் புதுவெள்ளத்தில் போயிருக்கிறேன். எதிர்நோக்கிப் போக முடியாது என்பது உண்மை. ஆனால் கையில் ஒரு மூங்கில் கோல் இருந்தால் பாறையிலிருந்து ஒரு முழம் விலகலாம், கரை ஒதுங்கவும் செய்யலாம். அந்த ஒரு முழத்தில்தான் பிழைத்திருக்கிறேன். எனவே புணை உவமையைக் கேட்டவுடன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவிகையை (பல்லக்கை) சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் காட்டும் 37ஆம் குறளுக்குப் பரிமேலழகர், அறத்தின் பயனை அவ்விருவரிடமும் கண்கூடாகக் காணலாம் என்று பொருள் கூறுகிறார். வேறு வகையாகப் பொருள் கொள்வோரும் உண்டு. அவர் உரைப்படி சென்றால் ஊழ் என்பது மேலிருப்பவனுக்கு ஒரு சான்றிதழாகிவிடும். பூங்குன்றனாரும் ஊழிலிருந்துதான் தொடங்குகிறார், ஆனால் நேர் எதிர்த் திசையில் இறங்குகிறார்: சிவிகையைக் கண்டு வாய் பிளக்கவும் மாட்டேன், சுமப்பவனைக் கண்டு முகம் சுளிக்கவும் மாட்டேன். மேலே இருப்பவனைப் பார்த்து வியக்காமல் இருப்பது எளிது, பொறாமைகூட அதைச் செய்துவிடும். கீழே இருப்பவனை இகழாமல் இருப்பதற்குத்தான் தெளிவு வேண்டும். அதனால் "அதனினும்" என்று அழுத்தியிருக்கலாம்.

ஏடுதேடி:

கோல் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது; பாட்டில் இல்லை. அதைப் புலவர் கையில் கொடுக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இதே புலவர் பெயரில் நற்றிணையிலும் ஒரு பாட்டு (226) உள்ளது. மரம் பட்டுப்போகும் அளவுக்கு மனிதர் அதிலிருந்து மருந்து கொள்ளமாட்டார்கள், நாடு வளம் குன்றும் அளவுக்கு மன்னர் பொன் கொள்ளமாட்டார்கள் என்று தலைவி அங்கே சொல்கிறாள். வேண்டிய அளவோடு கையை நிறுத்திக்கொள்ள முடிந்த மனிதர்களை அவர் அறிந்திருக்கிறார் என்ற அளவில் உங்கள் பக்கம் ஓரடி நகர்கிறேன்.

மாலைவெயில்:

மூவருக்கும் நன்றி. பொறாமைகூட வியப்பை நிறுத்திவிடும் என்ற வரி என்னைச் சற்றே சுட்டது. அன்று மேடையில் நான் கைதட்டியபோது மனத்தில் இருந்தது வியப்புத்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மீண்டும் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. புலவர் "வியவாதீர், இகழாதீர்" என்று யாருக்கும் கட்டளை இடவில்லை. தெளிந்தோம், ஆகவே செய்வதில்லை என்று தம் நிலையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அறிவுரையாக இருந்தால் முயன்று பார்க்கலாம். இதுவோ தெளிந்தபின் தானாக உதிர்வது. எனக்கு உதிரவில்லை என்றால் நான் இன்னும் தெளியவில்லை என்பதுதான் பொருள்.

ஒரு சிறு ஐயம் எஞ்சியிருக்கிறது. தெளிந்தனம், இலம் என்று பன்மையில் பேசுகிறாரே, அந்த "நாம்" யார்? புலவர் தம்மை மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்வது வழக்கமா, அல்லது உடன் தெளிந்தவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்களா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த மிதிவண்டிக் கடைக்குப் போவதாக இருக்கிறேன். வகுப்பில் இந்தப் பாட்டை எங்களுக்கு மனப்பாடமாக ஒப்பித்துக் காட்டியவன் அவன்தான். அவனிடமும் கேட்கிறேன்.