கட்டுரை முதலா, தளம் முதலா? நிரலாளரின் சொந்த வலைப்பதிவு பற்றி

புதுவிசை:
வணக்கம். பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலையில் எனக்கு இது நாலாவது வருடம். வேலையில் கற்றுக்கொள்வதைத் தமிழில் எழுதி வைக்க ஆசை. மூன்று வாரமாக ஹியூகோ என்ற கருவியை வைத்துத் தளம் கட்டுகிறேன். இருள் நிறம், தேடல் பெட்டி, குறிச்சொல் பக்கம் எல்லாம் வந்துவிட்டன. கட்டுரை மட்டும் ஒன்றுகூட எழுதவில்லை. பக்கத்து இருக்கை அண்ணன், "பேசாமல் மீடியம் மாதிரி ஆயத்த மேடையில் எழுதும்மா" என்கிறார். எது சரி?

அரைக்காப்பி:
அவர் சொல்வதைக் கேளுங்கள். ஹியூகோ, ஜெக்கில் தளங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். முதல் கட்டுரை "இந்தத் தளத்தை எப்படிக் கட்டினேன்" என்று வரும், இரண்டாவது கட்டுரை வருவதே இல்லை. நமக்குத் தளம் கட்டுவது பழகிய வேலை, அதனால் சுகமாக இருக்கிறது. எழுதுவது பழகாத வேலை, அதனால் தள்ளிப்போகிறது. ஆயத்த மேடையில் கணக்குத் திறந்தால் அந்தச் சாக்கு போய்விடும். வாசகர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கரிசல்மண்:
நோய் சரி, மருந்து தவறு. ஆயத்த மேடை நம் வீடு இல்லை. போஸ்டரஸ் என்ற பதிவு மேடை நினைவிருக்கிறதா? 2012இல் ட்விட்டர் வாங்கியது, 2013 ஏப்ரல் 30 அன்று மூடிவிட்டார்கள். மூடாவிட்டாலும் விதிகள் மாறும். 2017இல் மீடியம் சில கட்டுரைகளைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று பூட்டத் தொடங்கியது.

நான் எழுதிவந்த மேடை ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒரு நாள் முகவரி அமைப்பையே மாற்றினார்கள். என் கட்டுரைகளைச் சுட்டிய இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. "அண்ணா, அந்த டாக்கர் கட்டுரையைக் காணவில்லையே" என்று ஒரு மாணவர் மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. முகவரிகள் மாறக் கூடாது என்று டிம் பெர்னர்ஸ் லீ 1998லேயே எழுதிவைத்தார். சொந்த டொமைன் (நம் பெயரில் பதிந்த இணைய முகவரி) இருந்தால் பின்னால் ஓடும் கருவியை எத்தனை முறை மாற்றினாலும் வெளியே தெரியும் முகவரி அப்படியே நிற்கும். செலவும் டொமைனின் ஆண்டுக் கட்டணம்தான். பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் இலவசமாகவே தாங்கும், பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும்.

அரைக்காப்பி:
அண்ணா, டொமைன் மட்டும் நிரந்தரமா? ஒரு வருடம் கட்டணம் கட்ட மறந்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். நான் விரும்பிப் படித்த தமிழ்ப் பதிவு ஒன்று அப்படித்தான் போனது. இன்று அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. அதே காலத்தில் பிளாகரில் எழுதியவர்களின் பக்கங்கள், பத்து வருடமாக யாரும் தொடாதவைகூட, இன்னும் திறக்கின்றன. அப்புறம், புதுத் தளத்துக்கு வாசகர்கள் எப்படி வருவார்கள்? கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடிய பிறகு ஆர்எஸ்எஸ் (புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவரும் ஓடை) வழியாகப் படிக்கும் பழக்கமே குறைந்துவிட்டது.

கரிசல்மண்:
பிளாகர் விஷயம் நியாயம். மறதிக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு இருக்கிறது. வாசகர்கள் வேண்டுமென்றால் முதலில் சொந்தத் தளத்தில் போடுங்கள், பிறகு மேடையில் கனானிக்கல் இணைப்போடு (மூலக் கட்டுரை எங்கே என்று தேடுபொறிக்குச் சொல்வது) மறுபதிப்பு செய்யுங்கள். ஆர்எஸ்எஸ் ஓடையை ஹியூகோ தானாகவே உருவாக்கும், அதை அணைக்காதீர்கள்.

ஐகாரம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இவர் தமிழில் எழுதப்போகிறார். கிடைக்கிற வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு அளந்து தைத்தவை. தோழி, உங்கள் தளத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள். பத்திகளை இருபக்கமும் சமன் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். "நிறுவிக்கொள்ளவேண்டியிருக்கிறது" என்ற ஒரு சொல்லே முக்கால் வரியைப் பிடித்துக்கொள்ளும். அது அடுத்த வரிக்கு இறங்கினால் மேலே மிஞ்சும் இரண்டு சொற்களும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும். வரி உயரம் 1.7க்குக் குறைய வேண்டாம். மேல் வரியின் 'ழு' கீழே இறங்கும், கீழ் வரியின் 'கி' மேலே ஏறும், நெருக்கினால் இரண்டும் உரசும்.

முகவரியில் தமிழ் எழுத்து வேண்டாம் என்பது என் கட்சி. யுடிஎஃப்8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். "தமிழ்" என்ற ஒரே சொல்லில் 5 குறியீடுகள் (இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி), அது 45 எழுத்தாகும். வாட்ஸப்பில் அதைப் பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று தொடாமல் விட்டுவிடுவார். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருக்கிறீர்களா? ஆங்கிலம் என்றே விட்டுவைத்தால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்கப் பார்க்கும். பார்வையற்ற நிரலாளர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

அரைக்காப்பி:
ஐகாரம் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இதைக் கேட்டு இவர் இன்னும் மூன்று வாரம் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் உட்கார்ந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். தோழி, கடைசியாக உங்களை அரை நாள் அலைக்கழித்த பிழை எது? அதை இன்று இரவே எழுதுங்கள்.

புதுவிசை:
இரண்டு நாள் ஆகிவிட்டது, எழுதிவிட்டேன். எங்கள் பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக ஏறும், யாராவது இமோஜி போட்டால் மட்டும் பிழை வரும். அங்கே யுடிஎஃப்8 என்ற பெயரில் இருப்பது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு 3 போதும், இமோஜிக்கு 4 வேண்டும். தமிழ் ஏறுகிறதே, யுனிகோட் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பியே அரை நாள் போனது. அட்டவணையை 4 பைட் வரை கொள்ளும் யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றியதும் சரியானது.

தேடல் பெட்டியையும் குறிச்சொல் பக்கத்தையும் எடுத்துவிட்டேன், ஒரே கட்டுரைக்கு அவை எதற்கு? வரி உயரம் 1.8. டொமைனும் வாங்கிவிட்டேன். அரைக்காப்பி அண்ணா, அதில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

அரைக்காப்பி:
படித்தேன், நன்றாக வந்திருக்கிறது. டொமைன் பற்றி என் கருத்து மாறவில்லை, புதுப்பிக்கும் தேதியை எழுதி வையுங்கள். ஒரு திருத்தம்: அட்டவணையை மாற்றினால் மட்டும் போதாது. செயலியிலிருந்து தரவுத்தளத்துக்குப் போகும் இணைப்பின் எழுத்துக்குறி அமைப்பும் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். எங்கள் குழு அங்கேதான் மாட்டியது.

கரிசல்மண்:
கூடவே இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் சுட்டுப் பட்டியல்) பற்றியும் ஒரு பத்தி சேருங்கள். மைஎஸ்க்யூஎல் 5.6இன் வழக்கமான அமைப்பில் இண்டெக்ஸுக்கு 767 பைட்தான் எல்லை. 255 எழுத்துள்ள மின்னஞ்சல் நெடுவரிசை முன்பு, எழுத்துக்கு 3 பைட் வீதம், 765 பைட்டில் அடங்கியது. மாற்றிய பிறகு, எழுத்துக்கு 4 பைட் வீதம், 1020 ஆகும், முழு நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட விடாது. 191 எழுத்து என்றால் 764 பைட்டில் அடங்கிவிடும். அதனால்தான் பழைய நிரல்களில் 191 என்ற விசித்திர எண்ணைப் பார்க்கிறோம்.