புதுப்பிப்பு: தனியார் விமானப் பராமரிப்புக்கு மாறிய பின்
பயணிகள் விமானப் பராமரிப்பை விட்டு, பெருநிறுவனங்களின் சிறு விமானங்களைப் பார்க்கும் பணிக்கு மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், மாறிவிட்டேன். அங்கே எங்கள் குழுவுக்குச் சக்கரமும் பிரேக்கும் மட்டுமே. இங்கோ கிங் ஏர் பி200 என்ற இரட்டை என்ஜின் சிறு விமானத்தின் பிடி6ஏ-42 என்ஜினுக்கு வழக்கமாக 1,800 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் வெப்பப் பகுதிச் சோதனை (எரிபொருள் எரியும் அறையையும் டர்பைனையும் பார்ப்பது) முதல் கேபின் இருக்கை வரை எல்லாம் ஒரே கையில் வருகின்றன. இந்த என்ஜினில் காற்று பின்புறம் நுழைந்து முன்னோக்கிப் பாயும் அமைப்பு என்பதால், என்ஜினை இறக்காமலே முன்பகுதியைக் கழற்றி டர்பைன் இதழ்களைப் பார்த்துவிடலாம், வடிவமைத்தவர்கள் புண்ணியவான்கள். சம்பளம் சற்றே கூடுதல், பணிநேரம்தான் உரிமையாளரின் பயணத்தைப் பொறுத்தது. இந்தியாவில் பி1.1 உரிமம் (டர்பைன் என்ஜின் விமானங்களுக்கான பராமரிப்புப் பொறியாளர் உரிமம்) இருந்தாலும், அந்த விமான வகைக்கான தகுதி அதில் பதிவாகும்வரை விமானத்தைப் பறப்புக்கு விடுவித்துக் கையெழுத்திட முடியாது; ஆகவே அந்தத் தகுதிக்கான பயிற்சிச் செலவை யார் ஏற்பது என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.