கால் மெசினில் சுவாமிக்குத் தைக்கலாமா?

கொட்டாஞ்சேனை தையல்காரி:
வணக்கம். வீட்டில் பிளவுஸ் தைப்பதும் சாரிக்கு ஃபோல் அடிப்பதும்தான் என் தொழில். திருவிழா உபயம் எடுக்க வசதி இல்லை, தேவாரம் பாடக் குரலும் இல்லை. ஆடி மாதத்துக்குள் எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு ஏதாவது தைத்துக் கொடுக்க ஆசை. மாமியோ, "காலால் மிதித்துத் தைத்ததைச் சுவாமிக்குச் சாத்தக் கூடாது" என்கிறார். அதே மெசினில் ஊரார் உள்பாவாடையெல்லாம் தைக்கிறேனே என்று எனக்கும் ஒரு கூச்சம். மோட்டர் மெசின் வாங்கலாம் என்றால், அதையும் காலால்தானே அழுத்த வேண்டும்!

வெள்ளவத்தை வாத்தியார்:
பிள்ளை, நேச நாயனார் நெசவுத் தொழில் செய்தவர். அடியார்களுக்கு உடையும் கீளும் (இடுப்பில் கட்டும் துணிக்கீற்று) கோவணமும் கொடுத்ததுதான் அவருடைய தொண்டு. தறியில் மிதிகட்டையைக் காலால் மிதிக்காமல் துணி எப்படி வரும்? சுவாமிக்குச் சாத்துகிற கைத்தறிப் பட்டும் அப்படி வந்ததுதான். திருநாளைப்போவார், அதாவது நந்தனார், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுத்தார். அறுபத்து மூவரைக் கும்பிடும்போது மாமி இவர்களையும் சேர்த்துத்தானே கும்பிடுகிறார்?

அலங்காரத் தம்பி:
அக்கா, எங்கள் கோயிலில் மூலவருக்குத் தைக்காத வேட்டி, பட்டுத்தான். தையல் வேலை இருப்பது திரை, தொம்பை (குழாய் போலத் தொங்கவிடும் அலங்காரத் துணி), உற்சவருக்குக் கொசுவம் வைத்துத் தைக்கிற பாவாடை இவற்றில். அதிலும் திரைக்குத்தான் நல்ல கை வேண்டும். ஒவ்வொரு பூசைக்கும் இழுத்து இழுத்து, வளையம் தைத்த இடம் முதலில் கிழியும். மேல் பட்டியை இரண்டாக மடித்து, உள்ளே கான்வஸ் வைத்து அடியுங்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் புறக்கோட்டையில் பொலியெஸ்டர் சாட்டின் வாங்கிவிடாதீர்கள். கற்பூர நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நல்லது, காசு இருந்தால் பட்டு. அளவைக் குருக்களிடம் கேட்டு எடுங்கள். கேட்காமல் தைத்துத் தந்த, சுவாமிக்குப் பொருந்தாத பாவாடைகள் இங்கே அலுமாரி நிறையக் கிடக்கின்றன. தந்தவர்கள் வந்து, "எங்கட பட்டைச் சாத்தவே இல்லையே" என்று குறைப்படுவதும் எங்களிடம்தான்.

நல்லூரான்:
திருவிழாவுக்கு ஏற்றுகிற கொடிச்சீலை என்றால் மட்டும் பார்த்துச் செய்யுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அதைச் செங்குந்த மரபினர் ஊர்வலமாகக் கொண்டுவருவதுதான் வழக்கம். வேறு கோயில்களிலும் சிலவற்றுக்கு உரித்துக்காரர் இருப்பார்கள்.

கொட்டாஞ்சேனை தையல்காரி:
எல்லோருக்கும் நன்றி. மாமியிடம் நேச நாயனாரைச் சொல்லிப் பார்த்தேன். "தறி வேறு, மெசின் வேறு" என்கிறார். சரி, விடுவோம். குருக்களிடமும் கேட்டேன். வசந்த மண்டபத் திரை நைந்துவிட்டதாம், அதைத் தைத்துத் தரச் சொன்னார். துணியைக் கோயிலே எடுத்துத் தரும், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி, வளையத்தைக் கையால் தைப்பதா, பட்டியில் ஓட்டை போட்டுக் கோர்ப்பதா?

அலங்காரத் தம்பி:
கையால் தையுங்கள் அக்கா, நூலை இரட்டையாகப் போட்டு. ஓட்டை போட்டால் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.