மெட்ராஸ் ஒட்டு மாடி ஒழுகுகிறது: மேலே சிமென்ட் போடலாமா?

கேள்வி:
கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் மாடி மெட்ராஸ் ஒட்டு முறையில், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கி, உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்துக் கட்டப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் தட்டோட்டின் மேல் சிமென்ட் பூசினோம். சென்ற ஐப்பசி மழையில் கூடத்தின் ஒரு மூலை ஒழுகத் தொடங்கியது; இப்போது இரண்டு உத்திரங்களுக்கு இடையே செங்கல் வரிசை ஈரத்தில் கறுத்திருக்கிறது. இன்னொரு சிமென்ட் தளம் போட்டு ரசாயனப் பூச்சு அடிக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாம். சுண்ணாம்புத் தளம் குடித்த ஈரத்தை வெயிலில் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சோ மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டு, அது ஆவியாகும் வழியை அடைத்துவிடும். அந்தத் தண்ணீர் செங்கல் ஜல்லிக்குள் ஊர்ந்து எங்கோ சொட்டுவதால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடிப் பயனில்லை. கைப்பிடிச் சுவரின் அடியையும் மழைநீர்க் குழாயின் வாயையும் முதலில் பாருங்கள். சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஒட்டு வீடுகளில் மரம் முதலில் உளுப்பது அங்கேதான்.

பதில் 2:
மேற்சொன்னதை வழிமொழிகிறேன். பழைய சிமென்ட்டை உளியால் மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். இயந்திரம் வைத்தால் அதிர்வில் கீழே குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்கியிருக்கும் செங்கற்கள் கழன்றுவிடும். பெயர்ந்த இடத்தில் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து சுமார் 3 அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். கட்டை பட்டுத் துள்ளும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகு, குழாயை நோக்கி வாட்டம் பார்த்துத் தட்டோட்டைச் சுண்ணாம்புச் சாந்திலேயே பதியுங்கள். தை பிறந்ததும் தொடங்கினால் மழைக்கு முன் காய அவகாசம் கிடைக்கும். தட்டத் தெரிந்த ஆட்கள் கிடைப்பதுதான் கடினம். கோயில் திருப்பணி செய்யும் கொத்தனார்களிடம் விசாரியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. குழாயின் வாயருகே கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று வேரோடியிருக்கிறது. அதற்கு நேர் கீழுள்ள உத்திரத்தின் முனையில் திருப்புளி ஓர் அங்குலம் இறங்குகிறது.

பதில் 1:
அப்படியானால் மாடி வேலையைத் தள்ளிவையுங்கள். அந்த உத்திரத்துக்கு இன்றே சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, அதன் கீழ் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தை மாற்றிய பிறகுதான் சுண்ணாம்பு.