டெனரீஃப் போக யோசனை: வடக்கா, தெற்கா?

கம்பத்தான்: ஜனவரியில கொச்சியிலிருந்து ஸ்பெயினோட கேனரித் தீவுகள், அதுல டெனரீஃப் தீவு மட்டும், 8 நாள். கூட அம்மா, வயசு 66, பிரஷர் உண்டு. எந்தப் பக்கம் தங்கலாம்? அங்க இருக்கிற டெய்டே எரிமலைக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

குமுளிக்காரன்: குமுளியில சாரல் அடிக்கையில கம்பத்துல வெயில் காயுமே தம்பி, அதே கணக்குதான். வடகிழக்குக் காத்து கொண்டுவர்ற மேகத்தை மலை மறிச்சிடும். வடக்குச் சரிவுல பச்சையும் வாழைத்தோட்டமும், தெற்கே காய்ஞ்ச பூமி. அம்மாவுக்குத் தெற்கே தோது. விமான நிலையம் ரெண்டு இருக்கு. டிக்கெட்டுல டி.எஃப்.எஸ். இருந்தா தெற்கு, டி.எஃப்.என். வடக்கு. மாத்திப் போட்டா டாக்சிக்கே காசு கரையும்.

சித்தூர் அக்கா: டெய்டேயில ரோப் கார் 2,356 மீட்டர்ல ஏறி 3,555ல இறக்கிவிடும். நம்ம ஆனைமுடியே 2,695தான். மேல மூச்சு வாங்கும், பிரஷர் இருக்கிறவங்களுக்கு வேண்டாம். கீழ் நிலையத்துலயே எரிமலைக் குழம்பு உறைஞ்ச வெளி நல்லாத் தெரியும், அது போதும். காத்து பலமா அடிச்சா ரோப் காரை நிறுத்திடுவாங்க. அதனால கடைசி நாளுக்கு வைக்காதீங்க. ஸ்வெட்டர் கட்டாயம்.

குமுளிக்காரன்: விசா ஸ்பெயின் ஷெங்கன், அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு 6 மாசம் இருக்கும்போதே போடலாம். இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ; போற நாளும் வர்ற நாளும் அதுல அடங்கணும், பலரும் கோட்டை விடுறது இங்கதான்.

கம்பத்தான்: அம்மா சைவம்ங்க.

சித்தூர் அக்கா: உப்புத்தண்ணியில தோல் சுருங்க வேகவச்ச குட்டி உருளைக்கிழங்கு, பாப்பாஸ் அருகாதாஸ்னு கேளுங்க. கூடவே மோஹோ, நம்ம சட்னி மாதிரி. பச்சை மோஹோவுல கொத்தமல்லி வாசமே வரும். சூப்பை மட்டும் விசாரிக்காம வாங்காதீங்க, கறி கிடக்கும்.